சொக் வம்சத்துப் புல்

"என் கை ஒரு புல்லையும் அறுக்காது. புல்லு எனக்குச் சம்பளம் கேக்காத கூலியாள்" என்று கோசான் ஊர்ப் பொதுக்கூடத்தில், மூன்றாம் கிண்ணம் அரிசிக் கள்ளுக்குப் பிறகு பியோ டொக்சு முழங்கியதை ஊரே கேட்டது. உரம், மருந்து, உழவு மூன்றையும் துறந்த அந்த மகானின் வாக்கு பிசகியதே இல்லை. நிலம்தான் அடிக்கடி பிசகியது. முதல் நிலக்காரர், "இது வயலா, காடா?" என்று பிடுங்கிக்கொண்டார். இரண்டாமவர், மண் பொலபொலவென்று ஆனதும் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு முறையும் மனைவி மாக்சுன் சோயா விழுது ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கயிறு கட்டி வண்டியேற்றினாள். இந்த மூன்றாம் இடத்துக்கு வந்தபின் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

இந்த மலைச்சரிவு சொக் வம்சத்தாருடையது. நடுவில் அவர்களுடைய முன்னோர் ஏழு பேர் மண்மேடுகளுக்கு அடியில் படுத்திருந்தார்கள். குத்தகை கிடையாது, அந்தக் கல்லறை மேடுகளைப் புல் மண்டாமல் பராமரித்தால் போதும். "என் சோயாவைப் பாத்துக்கற மாதிரியே பாத்துக்கறேன்" என்றார் டொக்சு. அப்படியே பார்த்துக்கொண்டார்.

அறுவடைப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு. வம்சமே கூடிப் படையல் வைக்கும் நாள். நிலத்தை டொக்சுவுக்கு விற்பதா, சூரிய மின்தகடு பதிக்கும் கம்பெனிக்கு விற்பதா என்று அங்கேயே கைதூக்கி முடிவெடுப்பதாகவும் ஏற்பாடு. வம்சப் பெரியவர் பியோங்தே முன்னதாகவே வந்து, இடுப்பளவுப் புல்லைப் பார்த்தபடி நின்றார்.

"எங்க தாத்தா எங்கேப்பா?"

"உள்ளதான் ஐயா இருக்காரு. நிழலா, குளுகுளுன்னு."

"நிழல் கேட்டாரா உன்கிட்ட?" பெரியவர் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே களைக்கொல்லித் தெளிப்பான். "பசங்க வந்து இந்தக் கோலத்தைப் பாத்தா இதை எடுத்து அடிச்சிருவாங்க. அப்புறம் கையும் கம்பெனிக்குத்தான் தூக்குவாங்க."

காற்று சோயாப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் இயற்கை விவசாயச் சான்றிதழ் போச்சு.

மாக்சுன் அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் மேட்டில் இறங்கினாள். டொக்சு வரப்பில் கைகட்டி நின்றார், தனக்குத்தானே சிலை வைத்துக்கொண்டதைப் போல.

"ஏங்க, கை குடுக்க மாட்டீங்களா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அதையும் கயிறு போட்டுக் கட்டிவைங்க. வண்டியில ஏத்தணும்."

ஆறாவது மேடு வெளிச்சத்துக்கு வந்தபோது மலைவளைவில் கார்ச் சத்தம். அவள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. ஏழாவதின் முன்பக்கம் முடிந்தபோது கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. அரிசிப் பலகாரமும் ஆப்பிளும் கருவாடுமாக வம்சம் மேலேறி வந்தது. வெட்டாத பின்பக்கத்தை மறைத்து அவள் நின்றாள். பெரியவர் அவள் கையைப் பார்த்தார். டிக்கியைச் சாத்தினார், பூட்டவில்லை.

படையல் முடிந்தது. கம்பெனிக்கு யார் என்றார் பெரியவர். கைகள் நிறையவே எழுந்தன. மாக்சுனுக்கு எண்ணத் துணிவில்லை. டொக்சுவுக்கு யார் என்றபோது பெரியவரின் கையே முதலில் எழுந்தது. பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை. கம்பெனியைவிட ஒரே ஒரு கை கூடுதல்.

"நிலம் உனக்குத்தான். ஆனா எங்க தாத்தாமாருக்குக் காலத்துக்கும் முடி வெட்டிவிடணும். உன் கைதான் அறுக்காதாமே?"

யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றார். வம்சமும் நின்றது.

டொக்சு மனைவியின் கையிலிருந்து அரிவாளை மெல்ல வாங்கிக்கொண்டு, ஏழாவது மேட்டின் பின்பக்கம் போய்க் குந்தினார்.

சரக்.

சற்றுப் பொறுத்து, இன்னொரு சரக்.