பறி கவ்விய கடவுளும் என் வாசகர்களும்

என் நாவலைப் படித்தவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியைச் சுற்றி, கையால் இறால் பிடித்துப் பிழைக்கிற எங்கள் சனம் இருக்கிற ஊர்களில், அந்தப் புத்தகத்தின் அறுபத்தோராம் பக்கத்தைக் கைபேசியில் வைத்திராத ஆள் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அதற்கு முந்தைய பக்கமும் பிந்தைய பக்கமும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் கடவுள் ஒரு பெண்ணாக வருகிறார். ஏரித் தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறார். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை, எங்கள் வீட்டுப் பெண்களைப் போலவே, வாயால் கவ்விக்கொண்டிருக்கிறார். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டிய வேலை அது. பறியைப் பிடிக்க வாய்தான் மிச்சம். கரையில் நிற்கிற ஒருத்தி அழுதுகொண்டே அவரைக் கூப்பிடுகிறாள். கடவுள் திரும்பிப் பார்க்கிறார், பேசவில்லை. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

இதை எதற்கு எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் ஒரே மகன், பத்தொன்பது வயதுப் பிள்ளை, ஏரி முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். உடல் கிடைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அக்கா கரையில் உட்கார்ந்து ஆண்டவரைக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஜெபவீட்டுக்குப் போவதில்லை, சோற்றுக்கு முன்னால் கண் மூடுவதுகூட இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்கள். அவள் என்னிடம் ஒரு தடவை கேட்டாள்: "அத்தினி தடவ கூப்ட்டேன். ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நான். இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவல்தான் அவளுக்கு என் பதில். அக்கா மறுபடி ஜெபம் பண்ண வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால், புத்தகம் வந்ததும் நானே படித்துக் காட்டுவதாக இருந்தேன். அதற்குள் அறுபத்தோராம் பக்கம் ஊருக்குள் வந்துவிட்டது.

பாஸ்டர் ஒரு ஞாயிறு முழுக்க என்னை வைத்தே பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை, "நம்ம நடுவுலயே ஒரு டீச்சர்" என்றார். சபையில் இருப்பதே ஒரு டீச்சர்தான். முடிந்ததும் வாசலில் நிறுத்தி, "சிஸ்டர், சிங்காசனத்துல இருக்கிறவரப் போயி சேத்துல உக்கார வெச்சிட்டீங்களே" என்றார். ஆண்டவர் மேய்ப்பர் என்று வாராவாரம் பாடுகிறோமே, ஆடு மேய்க்கிறவர் காலில் மட்டும் சேறு ஒட்டாதா என்று கேட்டேன். "அது வேதத்துல இருக்குது சிஸ்டர்" என்றார். புத்தகத்தைப் படித்தீர்களா என்றதற்கு, விஷத்தைக் குடித்துப் பார்த்துத்தான் விஷம் என்று சொல்ல வேண்டுமா என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்து எடுத்து வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

சபை மூப்பர் ஒருவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறார். ஞாயிறு ஆராதனைக்கும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் ரகம். ஆண்டவருக்கு அவரை அடையாளம் தெரியாமல் போய்விடும் என்ற பயமோ என்னவோ. அவருடைய அம்மா பறி கவ்வி இறால் பிடித்துத்தான் அவரை ஐடிஐ வரை படிக்க வைத்தாள். அவர் சொன்னார்: "டீச்சரம்மா, கர்த்தருக்கு வேற வேலையே கெடைக்கலியா? நம்ம பசங்கள நாலு பேர் மதிக்கிற எடத்துக்கு இப்பத்தான் இட்டுனு வந்துருக்கோம். நீங்க இன்னான்னா கர்த்தரையே தண்ணியில எறக்குறீங்க."

பாஸ்டராவது வேதத்தைக் காட்டி மறைத்தார். இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். கடவுளைப் பெண்ணாக்கியதைக்கூட இவர்கள் பொறுத்திருப்பார்கள், எங்களைப் போல ஆக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெற்ற தாயின் சாயலில் கடவுள் வந்தால் முகம் சுளிக்கிற ஆளிடம் என்ன பேசுவது? வீட்டுக்குப் போனேன்.

திட்டியவர்களைப் பிடிக்காமல் போவது சுலபம். பாராட்டியவர்கள் அவர்களைவிட மோசம். சென்னையில் ஏசி போட்ட ஓர் அரங்கில் எனக்குக் கூட்டம் வைத்தார்கள். ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் விளிம்பின் இறையியல் பற்றிப் பேசினார். நான் குடியிருக்கும் கரையை இரண்டு தடவை 'அந்தத் தீவு' என்றார். கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மாள், தனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்றும், ஆனால் இந்தக் கடவுளை மட்டும் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். கும்பிடப் போவதில்லை என்பதால் பிடிப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டார்கள். மகனைப் பறிகொடுத்த என் அக்காவுக்காக என்றேன். அரங்கம் மொத்தமும் உச்சுக்கொட்டியது.

வரும்போது ஒரு பறி கொண்டுவர முடியுமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். அக்கா வீட்டில் மாட்டியிருந்ததை அவளிடம் காரணம் சொல்லாமல் வாங்கிப் போயிருந்தேன். எப்படிக் கவ்வுவது என்று செய்து காட்டச் சொன்னார்கள். செய்து காட்டினேன். கஞ்சி போட்ட புடவையில், மேடை நடுவில், வாயில் பறியோடு நின்றேன். கைதட்டினார்கள், படமெடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து நான் ஏரியில் இறங்கியதில்லை. ஓலையில் அக்காவின் பல் பதிந்த இடம் என் பல்லுக்குத் தட்டுப்பட்டது. அன்று அந்த அரங்கில் எல்லோரையும்விடக் கேவலமாக நடந்துகொண்டது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் படம் எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. பறியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"பறிய எடுத்துனு போனது இதுக்குத்தானா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"எனக்கோசரம் எழுதினேன்னு சொன்னியாமே."

"ஆமாக்கா."

"ஊரு பூரா படிச்சுட்டு சண்ட போடுது. எனக்கு இன்னும் நீ படிச்சுக் காட்டலியே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் ஜெபவீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அக்கா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். இத்தனை பேர் பேசினார்களே, ஒருவரும் அவளைப் போலக் கேட்கவில்லை. கதையில் வரும் பெண்கள் ஏரியில் இறங்கினது வாடைக் காற்றிலா என்று விசாரித்தாள். தண்ணீர் இடுப்பளவு என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன், அவ்வளவு ஆழத்தில் குந்தினால் மூக்கு முழுகிவிடும் என்று திருத்தினாள். ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அறுபத்தோராம் பக்கம் வந்தது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

முடித்ததும் அவள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"வாயில பறி இருக்குது, அதனால பேசல," என்றாள்.

"ஆமாக்கா."

"அது நெசந்தான். எறா புடிக்கச்சொல்ல யாரு கூப்ட்டாலும் நான்கூட வாயத் தொறக்க மாட்டேன்."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பாஸ்டரும் மூப்பரும் பேராசிரியரும் எக்கேடும் கெட்டுப் போகட்டும், அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது, இனி ஜெபம் பண்ணுவாள் என்றே நினைத்துவிட்டேன்.

"கை ரெண்டும் தண்ணிக்குள்ள தானே இருந்துச்சு?" என்றாள் அக்கா. "எறா தட்டுப்படுது. நண்டு தட்டுப்படுது. எம்புள்ள மூணு நாளு அந்தத் தண்ணியிலதான் கெடந்தான். அவன் தட்டுப்படலியா அந்தக் கைக்கு?"

வைதவர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. புகழ்ந்தவர்களிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு வருஷம் எழுதிய எனக்கே தோன்றவில்லை. அக்கா கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. எழுதியவள் நான், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.