கிரகணத்தன்று குனிந்தவள்

அந்தச் சூரிய கிரகணம் மதுரையில் பிடித்தது எண்பதாம் வருஷம், மாசி மாதத்து ஒரு பிற்பகலில். எனக்கு ஏழாம் மாதம். மாமியார் என்னைச் சாமான் அறையில் பாய் விரித்து மல்லாத்திப் படுக்க வைத்தார். ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியை அடைத்தார்.

"கையக் கால மடக்காத. சொறியாத. குனிஞ்சு கினிஞ்சு எந்திரிச்சேன்னு வையி, அப்பறம் என்னையக் கேக்காத."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று நானே நினைத்திருந்த காலம் அது. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஒரு சந்திர கிரகணத்தன்று, ஞாபகமில்லாமல் அரிவாள்மனையில் மீன் நறுக்கிவிட்டேன். பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தாள். பால் குடிக்க முடியாமல் இருபதாம் நாள் மவுத்தாகிவிட்டாள். வெட்டியது நான், பிளந்தது பிள்ளையின் உதடு என்று தெருவே முடிவு கட்டியது. மாமி மட்டும் ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

வேலை பார்த்த துணிக்கடையைச் சீக்கிரமே சாத்தியதால் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "காளவாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. டவுன் பஸ்ஸெல்லாம் காலியா நிக்கிது" என்று சொல்லிக்கொண்டே முகம் கை கால் கழுவி ஒளுச் செய்து, பள்ளிவாசலுக்கு ஓடினார். பக்கத்து வீட்டு அக்கா தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்த்தாள் போலிருக்கிறது. "நின்னுருச்சு, பிடிக்காமயே நின்னுருச்சு!" என்று அவள் கத்தியது சுவர் தாண்டிக் கேட்டது. அதற்குப் பிறகு தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு பள்ளிவாசல் மைக்கில் ஓர் அழைப்பு வந்தது. பாங்கு இல்லை. "அஸ்ஸலாத்து ஜாமிஆ" என்று மட்டும். தொழுகைக்குக் கூடுங்கள் என்று அர்த்தம். கிரகணத் தொழுகைக்குப் பாங்கு கிடையாது என்று ஓதித் தெரியும். காதால் கேட்டது அன்றுதான். தினம் கேட்கிற மோதினாரின் குரல், கேட்டறியாத வார்த்தை.

தெருப் பெண்கள் எங்கள் கூடத்தில் சேர்ந்தார்கள். தெருச் சிறுமிகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஓர் அம்மா தொழ வைக்க வந்திருந்தார். "நானும் தொழுறேன் மாமி" என்றேன்.

"இது பர்ளு இல்ல, சுன்னத்துதான். விட்டாப் பாவமில்ல. நீ கெட" என்று மாமி கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஓட்டுக் கூரையில் ஊசி நுழையும் சந்துகள் நிறைய உண்டு. சாதாரண நாளில் அவற்றின் வழியே வெயில் வட்ட வட்டமாக விழும். அன்று விழுந்தவை வட்டமாக இல்லை. சுவரிலும் அரிசிச் சாக்கிலும் என் வயிற்றுச் சேலையிலும் சின்னச் சின்னப் பிறைகள். பிறைதானே என்று முதலில் மனசுக்கு இதமாக இருந்தது. பார்க்கப் பார்க்க அவை பிறையாகத் தெரியவில்லை. பிளந்த உதடுகளாகத் தெரிந்தன. நான் மூச்சு விடும்போதெல்லாம் வயிற்றின் மேல் இருந்தவை அசைந்தன. எதையோ கேட்பது போல அசைந்தன.

அதற்குமேல் என்னால் அங்கே கிடக்க முடியவில்லை. பின்கட்டில் ஒளுச் செய்து, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்குப் போனேன். தொழுகையில் நிற்பவர் பேச முடியாது. அந்தத் தைரியத்தில்தான் கடைசி வரிசையில் மாமிக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன்.

சூரிய கிரகணத் தொழுகையில் சத்தமாக ஓத மாட்டார்கள். எப்போது முடியும் என்று தெரியாமல் நிற்க வேண்டும். முற்றத்து வெளிச்சம் சாயங்கால வெளிச்சமும் இல்லை, மழை இருட்டும் இல்லை. சாம்பல் பூசினாற்போல ஒரு நிறம். வேப்பமரத்துக் காக்கைகள் அடைந்துவிட்டன.

பிறகு ருகூஉ. குனிந்தோம். வயிறு முழங்கால் பக்கம் இறங்கியது. குனிந்தே இருந்தோம், முதுகு வலிக்கும்வரை. நிமிர்ந்ததும், தினமும் செய்கிற பழக்கத்தில் நான் பாட்டுக்கு சஜ்தாவில் விழுந்துவிட்டேன். நெற்றி தரையில் பட்ட பிறகுதான் உறைத்தது: இந்தத் தொழுகையில் மட்டும் ஒரு ரக்அத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, இரண்டு ருகூஉ. தலையைத் தூக்கினால், அந்த அரை இருட்டில் வெள்ளைத் துப்பட்டிகள் அசையாமல் நின்றன. கபன் துணி சுற்றிய மையத்துகள், அடக்கப் போகிற பிணங்கள், எழுந்து நிற்கின்றன என்று நினைத்துவிட்டேன். கையை ஊன்றித் தட்டுத்தடுமாறி எழுந்தேன். எழுந்து மறுபடியும் குனிந்தேன்.

தொழுகை முடிந்து கையேந்தி துஆவில் உட்கார்ந்தபோது மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. பள்ளிவாசல் மைக்கில் ஹஜ்ரத் பயான் செய்துகொண்டிருந்தார். நபிகளாரின் ஆண் குழந்தை மவுத்தான அன்று மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்ததாம். அந்தப் பிள்ளைக்காகத்தான் சூரியன் இருண்டது என்று ஊர் பேசியதாம். நபிகளார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை, கண்டால் தொழுங்கள் என்றாராம்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன். வானமே உன் பிள்ளைக்காக அழுதது என்று ஊர் ஆறுதல் சொல்லியும் வேண்டாம் என்றிருக்கிறார். நான் மாமியைப் பார்த்தேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்திரையில் பிள்ளை பிறந்தாள். அவளுக்கும் மேலுதடு பிளந்திருந்தது.

தைத்துவிடலாம், சில குடும்பங்களில் இப்படி வரும் என்றார் டாக்டர். தெருவுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? பார்க்க வந்த ஒருத்தி, நான் விழித்திருப்பது தெரிந்தே, "அன்னைக்குக் குனிஞ்சு தொழுதாளாமே?" என்று ஆரம்பித்தாள்.

மாமி மடியில் பேத்தியைக் கிடத்தி, பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நபியோட புள்ளைக்கே புடிக்காத சூரியன் எம் பேத்திக்காகவா புடிக்கப் போகுது? ரெண்டு புள்ளைக்கும் இவ ஒண்ணும் செய்யல. நீ எந்திரிச்சுப் போம்மா" என்றார்.

ரெண்டு புள்ளைக்கும் என்றார். முதல் பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசியதில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளுக்காக அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.