மோத்தியின் கண்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். தொழில் அப்படி. சின்னக் காஞ்சிபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். "படத்துல எங்களுக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்க" என்று அலறிக்கொண்டு வந்தவர்களிடம், ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுத்துத் தொலைத்துவிட்டேன் என்று காதைப் பிடித்துக்கொண்டு வேறு படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ இருக்கும். காசிம் பாய் என்று ஒரு ஜட்கா வண்டிக்காரர், ரயிலடியிலிருந்து கோயிலுக்குச் சவாரி ஓட்டுவார். அவருடைய வெள்ளைக் குதிரைக்கு மோத்தி என்று பெயர், வயதான குதிரை. குட்டியிலிருந்து அதைக் கையால் ஊட்டி வளர்த்தது அவர் மனைவி மெஹருன்னிசா. அந்தம்மா ஆறு மாதமாக இடுப்பு விழுந்து படுக்கையில் கிடந்தார், பக்கத்துக் கொட்டகை வரைக்கும் போய் மோத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று ஒரே ஏக்கம். கட்டிலுக்கு எதிரே மாட்ட ஒரு படம் வேண்டும் என்று பாய் குதிரையை ஸ்டுடியோ வாசலுக்கே ஓட்டிவந்துவிட்டார்.

நல்ல வெயில். நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். நான், பாய், குதிரை, வேறு ஒரு ஈ காக்காய் இல்லை, இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். கழுவிப் பார்த்தால் மோத்தி கண்ணை மூடியிருந்தது, போதாததற்குப் பின்னாலிருந்த மின்சாரக் கம்பம் அதன் தலையில் கொம்பு மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை கூட்டிவாருங்கள், வேறு எடுக்கலாம் என்றேன். வியாழக்கிழமை மோத்தி செத்துப்போயிற்று.

பாய் தனியாக வந்து நின்றார்.

"அவகிட்ட இன்னும் சொல்லல தம்பி. தாமல் ஏரிப் பக்கம் மேய்ச்சலுக்கு உட்டுருக்கேன்னு சொல்லி வெச்சிக்கினு இருக்கேன். உசுரோட இருக்கிற மாதிரி படத்தக் குடுத்துடுபா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், மூடிய கண்ணைப் பிரஷ்ஷால் திறந்து வைப்பதில் நான் கைதேர்ந்தவன். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை உயர்த்தி, தலையும் கழுத்தும் மட்டும் நிற்கும்படி காதுக்கு மேலே வெட்டினேன். மூக்குக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டேன், இல்லாவிட்டால் பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். வெள்ளை முகமும் வெள்ளைப் பாவும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின்புறத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டிக் கறுக்க வைத்தேன் (வெளிச்சம் பட்டால் அந்தத் தாள் கறுக்கும்), மிச்சக் கம்பமும் அதில் மறைந்தது. காய்ந்ததும் கண்ணை எழுதினேன், உருண்டையாக ஒரு கண்மணி, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி.

பாய் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது மனுசன் கண்ணுபா. குதிரைக்குக் கண்ணுமணி படுத்தாப்புல நீட்டமா இருக்கும். அவ பாத்தவொடனே கண்டுபுடிச்சிடுவா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டு வாசலில் தினம் ஜட்கா ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு குதிரையின் கண்ணை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. பெரிய தாள் ஒன்றுதான் பாக்கி. பாயை வெளியே உட்கார வைத்துவிட்டு, அதே நெகடிவை அதில் மறுபடி பதித்து, சிவப்பு விளக்கில் தாளை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினேன். எப்போதும் கறுப்பான பின்புறம்தான் முதலில் வரும். அன்று கண் வந்தது. திறந்த கண், நீளமான மணி, ஈரத்தோடு. நம்பினால் நம்புங்கள், அந்தத் தாளில் என் பிரஷ் படவே இல்லை.

நானும் பாயோடு ஒலிமுகமதுபேட்டையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா படத்தை முகத்துக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மோத்தி பூடுச்சு, இல்லீங்களா?" என்றார் பாயிடம். "மேய்ச்சலுக்குப் போனா ராத்திரிக்காவது கொட்டகைக்குத் திரும்பாதா? நாலு நாளா கனைக்கிற சத்தமே காணோம். எனக்குத் தெரியாதா?"

பாய் தேம்பிவிட்டார்.

"அழுவாதீங்க. கண்ணுக்குள்ள பாருங்க. நான் நிக்கிறேன், கல்கண்டு குடுக்கிறேன்."

சட்டைப்பையிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். மோத்தியின் கண்ணுக்குள் எங்கள் தெரு. கேமராவோடு நான், பக்கத்தில் பாய், நடுவில் முக்காடு போட்ட ஒரு பெண், நீட்டிய உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு துளி. எனக்குப் பயமில்லை, அழவேண்டும் போல் இருந்தது.

ஸ்டுடியோவுக்கு ஓடிவந்து நெகடிவை எடுத்துப் பார்த்தேன், கண் மூடியிருந்தது. சின்னத் தாளில் மறுபடி போட்டேன், மூடியேதான் வந்தது. அந்த நெகடிவ் இன்னும் என்னிடம் இருக்கிறது, வந்து நீங்களே பாருங்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்தம்மா காலமானார். கண்ணாடி உடைந்துவிட்டதென்று பாய் படத்தைக் கொண்டுவந்தபோது, சும்மா இருக்க முடியாமல் லென்ஸை வைத்தேன். கண்ணுக்குள் மூன்று பேரும் அப்படியே நின்றோம், அந்தம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. உள்ளங்கையில் கல்கண்டு இல்லை. இதை இன்றுவரைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

லென்ஸைப் பாயிடம் கொடுத்தேன். குனிந்து பார்த்தவர் ஆச்சரியமே படவில்லை.

"தின்னுடுச்சுபா" என்றார். "அவ கையில அது எதையும் மிச்சம் வெச்சதில்ல."