அவுக செல்லு

முதலில் ஈறில் ரத்தம் கசிந்தது. "நல்லி எலும்பக் கடிச்சேன்ல, குத்திருச்சு" என்றார் என் கணவர். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்தவர்; கறி இல்லாமல் சோறு இறங்காது. "ஆக்கப் பொறுத்தவுகளுக்கு ஆறப் பொறுக்கலயாக்கும்" என்று நானும் கேலி செய்தேன். காய்ச்சல் விடாமல் அடித்தபோதுதான் மதுரைக்கு ஓடினோம்.

ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை (நல்லியை உறிஞ்சினால் வருமே, அதுதான்) எடுத்தார்கள். அன்றோடு எங்கள் வீட்டில் நல்லி வாங்குவது நின்றது. கீமோ (புற்றை அழிக்கும் மருந்து) முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அந்தக் களேபரத்தில் அவருடைய செல்போனும் தொலைந்தது. கல்லூரியில் படிக்கும் மகளுக்காக அதில் ஏதோ பேசிப் பதிந்து வைத்திருந்தார். பிழைத்து வந்து அவரே சொல்லுவார் என்று நாங்கள் கேட்காமல் விட்டுவிட்டோம். அதன்பின் அந்த செல்லைத் தேடாத இடமில்லை.

அவர் போய் ஒரு வருஷமாகி, வருஷ பாத்திஹா ஓதி முடித்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரோட செல் எங்ககிட்ட இருக்கும்மா. இன்னும் உயிரோடதான் இருக்கு. நேர்ல வாங்க, பேசலாம்."

"அல்லாவே! நாளைக்கே வாரேன்" என்று கத்தினேன். அவருடைய பழைய சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மாமியாரையும் மகளையும் கூட்டிப் போனேன்.

அங்கே ஒரு இளம் டாக்டர் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஜவ்வரிசி போல வட்ட வட்டமாக ஏதோ தெரிந்தது.

"இதுதாம்மா அந்த செல். அவர் மஜ்ஜையில இருந்த புற்று உயிரணுவ எடுத்து வளர்த்தது. ஆராய்ச்சிக்கு அவர் அப்பவே சம்மதம் குடுத்தார். இப்ப வேற ஊருக்கும் அனுப்பணும். அதுக்குக் குடும்பத்தக் கேக்கணும். வேணாம்னா அழிச்சுருவோம்."

முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப எம்மகன் முழுசா அடக்கமாகலயா? குடுங்க, கபர்லயே வச்சுருவோம்" என்று மாமி அழுதார்.

நான் கேட்டேன்: "டாக்டர், இது அவுகளா, அவுகளக் கொன்னதா?"

டாக்டர் சொன்னார்: "ரெண்டும்தாம்மா."

அந்தப் பதில் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரை அடக்கம் செய்வதென்றால் அந்தப் பாழாய்ப்போன நோயையும் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும். நோயை அழிப்பதென்றால் அவரில் மிச்சமிருப்பதை நானே அழிக்க வேண்டும். பஸ்ஸில் வழி நெடுக மாமியும் நானும் மாற்றி மாற்றிப் பேசினோம். சொன்னதையே மறுத்துச் சொன்னோம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அத்தா எனக்கு என்ன பேசி வச்சாகன்னு இனி தெரியப்போறதில்ல. இதுக்குச் சரின்னு சொன்னது மட்டுந்தான் தெரியுது. அதையும் இல்லன்னு ஆக்கப்போறீகளாம்மா?"

மாமி அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம். 'உயிரோடு' என்று சொன்னால், எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்குக் காலமும் பிசகிவிட்டது. அவரைப் பற்றி 'இருந்தாக' என்று ஆரம்பித்து 'இருக்காக' என்று முடிக்கிறேன். தொழுதுவிட்டு எழும்போது இடுப்பெலும்பில் கை தானாகப் போகிறது. இதற்குள்ளும் ஏதோ ஊறிக்கொண்டிருக்கிறது.

சார்ஜர் அந்தக் கைப்பையிலேயே கிடந்தது. போன வாரம் மகள் எடுத்து வெளியே வைத்தாள். நான் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.