கழுநீர்க் குடம்

எங்கள் திண்டிவனம் வீட்டு போர் தண்ணீரில், கொதிக்க வைத்தாலும் போகாத, உடம்பிலேயே தங்கிவிடும் ரசாயனம் இருப்பதாகப் பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். உடனே ஃபில்டர் மாட்டினேன். அது கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லை. பக்கத்து வீட்டு செல்வி தன் மாட்டுக்காக எங்கள் வாசலில் வைத்திருந்த கழுநீர்க் குடத்திலேயே ஊற்றி வந்தேன்.

ஒரு நாள் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது குடத்தை எடுக்க வந்தவள், "நீங்க ஊத்துற தண்ணியை மாடு நல்லா குடிக்குதுண்ணே" என்றாள்.

என் காபியில் இருந்தது அந்த மாட்டின் பால். டம்ளரைக் கீழே வைத்தேன். அது ஃபில்டர் ரசாயனத்தோடு கழித்துத் தள்ளிய தண்ணீர் என்று சொன்னேன்.

"த்தூ! எங்க புள்ளைங்களும் அந்தப் பாலைத்தானே குடிக்குதுங்க? இனிமே அத்த எங்க ஊத்துவீங்க?"

"சாக்கடையிலதான்."

எங்கள் தெருச் சாக்கடை ஏரிக்குப் போகிறது. அவள் மாடு தண்ணீர் குடிப்பதும் அதே ஏரியில்தான்.

ஃபில்டர் இன்றும் ஓடுகிறது. நான் மட்டும் சுத்தமான தண்ணீர் குடிக்கிறேன்.