சதவீதம் சார் சோதித்த டிஸ்க்

அலுவலகத்தில் அவருக்குச் சதவீதம் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. நான்கு மாடியிலும் உள்ள நூற்று நாற்பது கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் பொறுப்பு. யார் மேசைக்குப் போனாலும் வணக்கம் கிணக்கம் எல்லாம் கிடையாது. "டிஸ்க் எத்தனை சதவீதம் காட்டுது?" என்றுதான் ஆரம்பிப்பார். ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. பச்சை காட்டினால் நலம், மஞ்சள் காட்டினால் கவலை, சிவப்பு காட்டினால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான்.

மனிதருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை சட்டைப் பையைத் தடவும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத நாள் இல்லை. பஸ் ஏறிய பிறகு சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போகும். அந்தப் பாவப்பட்ட மனிதர் படுக்கையை விட்டு எழாமலேயே, "இழுத்துட்டேன் சார், கெட்டியா இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டார்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவருடைய கோப்பும் தொலைந்ததில்லை. "மஞ்சள் வந்துட்டா முதல்ல வேற டிஸ்க்குல காப்பி, அப்புறம்தான் சோதனை" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் விரலை ஆட்டிச் சொல்லுவார். முழுச் சோதனை என்றால் டிஸ்க்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படித்துப் பார்ப்பது. சீக்கில் கிடக்கிற டிஸ்க்குக்கு அதைச் செய்வது, காய்ச்சல்காரனை நாலு மாடி ஏறச் சொல்லி நாடி பார்க்கிற மாதிரி.

அவர் மனைவியைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் வேலை. ஆறு வருடமாக டீச்சர் ஒரு சைகை மொழி அகராதி செய்துகொண்டிருந்தார். முன்னறைச் சுவரில் நீலத் துணியைக் கட்டி, கேமரா முன்னால் நின்று, ஒரு சொல்லுக்கு ஒரு சின்னப் படமாகக் கையால் பேசி எடுத்தது. இரண்டாயிரத்து முந்நூறு சொற்கள் சேர்ந்திருந்தன. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருந்தது.

ஏன் ஒரே டிஸ்க்கில் என்று கேட்கலாம். டீச்சரும் கேட்டார். சதவீதம் சார் இன்னொரு டிஸ்க் வாங்கத்தான் வாங்கினார். புது டிஸ்க்கை நம்ப முடியுமா என்று மூன்று தரம் சோதித்தார், ஏதோ ஒரு எண் பிடிக்கவில்லை, கடையில் கொடுத்து மாற்றினார். மாற்றி வந்ததையும் சோதித்துக்கொண்டே நாலு மாதம் ஓட்டிவிட்டார். இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்றால், "அது யார் வீட்டு டிஸ்க்கோ, அதோட உடம்பு எப்படி இருக்குன்னு நமக்கென்ன தெரியும்?" என்பார். வீட்டிலேயே வைத்தியர் இருக்கும்போது நமக்கென்ன என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் பள்ளியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். சதவீதம் சார் வழக்கம் போல டிஸ்க்கைச் சொருகினார். மஞ்சள். படிக்கத் தடுமாறும் இடங்கள் எட்டு என்று காட்டியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், வந்து பார்த்தார். இருபத்து நாலு.

"என்ன மாப்பிள்ளை, முகம் இப்படிப் போயிடுச்சு?" என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்லத்தை."

புது டிஸ்க்கை எடுத்து மாட்டி, காப்பியைத் தொடங்கினார். ஐந்து மணி நேரம் ஆகும் என்று வந்தது. அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. அது மட்டும் அவருக்கு வராது.

ஜன்னலுக்குப் போனார், நாற்காலிக்கு வந்தார். எட்டு இருபத்து நாலு ஆனது என்றால் உண்மையில் எத்தனை இருக்கும்? ஐம்பதா, ஐந்நூறா? காப்பி ஆகிற படங்கள் நல்ல படங்கள்தானா, பாதிப் படங்களா? தெரியாமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

"அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்க வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார் மாமியார்.

"ஒரே நிமிஷம் அத்தை."

காப்பி நாலு சதவீதத்தில் இருந்தது. சதவீதம் சார் அதை நிறுத்தினார். முழுச் சோதனையைத் தொடங்கினார். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆபீசில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். ஆனால் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்ததும் மனசுக்கு என்னவோ ஒரு நிம்மதி வந்தது. அன்று காலையில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான்.

நாற்பது சதவீதம். அறுபது. எழுபத்தொன்றில் டிஸ்க்கிலிருந்து டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் டிக், டிக், நடுவில் தகட்டை நகத்தால் கீறுவது போல ஒரு கிரீச். பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் ஆற விட்டு மறுபடி சொருகினார். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே திரை காட்டவில்லை. அந்தக் கிரீச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? உள்ளே படிக்கிற முள் தகட்டைச் சுரண்டிவிட்டது. இனி எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் கையை விரிப்பார்கள்.

டீச்சர் வந்து செருப்பைக் கழற்றும்போதே சதவீதம் சார் சொல்லிவிட்டார்.

"டிஸ்க் போயிடுச்சு."

"காப்பி?"

"முதல் ஃபோல்டர் மட்டும் ஏறியிருக்கு. எண்கள். ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும்."

"மத்தது?"

"காப்பி ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் நிறுத்தினேன். எவ்வளவு கெட்டிருக்குன்னு பார்க்காம இருக்க முடியல."

டீச்சர் பையை நாற்காலியில் வைத்தார். கத்தவில்லை. கை இரண்டும் மேலே எழுந்தன. ஒரு கை இன்னொரு உள்ளங்கையில் ஓங்கி அடித்தது, விரல்கள் நெஞ்சிலிருந்து எதையோ பிய்த்து எறிந்தன, முகத்துக்கு நேராக வந்தன, விலகின. அவ்வளவு வேகமாக அந்தக் கைகள் பேசி அவர் பார்த்ததில்லை. மாமியாருக்குக்கூட ஏதோ புரிந்திருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சதவீதம் சாருக்கு ஒன்றுமே புரியவில்லை. கடைசியில் ஒரு சைகையை மட்டும் டீச்சர் நிறுத்தி, நிதானமாக, மூன்று தரம் செய்தார்.

"என்ன சொல்றே?" என்றார் சதவீதம் சார். "வாயால சொல்லேன். நல்லா திட்டிடு. எனக்கு ஒண்ணும் புரியலம்மா."

டீச்சர் கைகளைத் தொங்கவிட்டார்.

"அர்த்தம் அதுலதாங்க இருந்துச்சு" என்றார்.