கல்முனையில் ஒரு வியாழக்கிழமை: வாய் சொன்னதும் கை சொன்னதும்

என் அம்மாவும் அப்பாவும் காது கேளாதவர்கள். எனக்கு மட்டும் கேட்கும். வீட்டில் நாங்கள் கையால்தான் கதைப்போம். சென்ற மாசியில் அம்மாவின் தொலைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. கல்முனையில் காது கேளாத சிலர் வியாழக்கிழமைகளில் ஓர் அரச அலுவலகத்தின் முன்னால் அமர்ந்து போராடுகிறார்களாம். "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்" என்று அம்மா கையசைத்தார். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

மட்டக்களப்பிலிருந்து நாற்பது கிலோமீற்றர். காலை ஏழு மணி பஸ் எட்டேகாலுக்கெல்லாம் கொண்டுபோய் விட்டது. டிக்கட் இருநூறு ரூபாய்க்குள். இடப்பக்க ஜன்னலோரம் இருங்கள், பெரியநீலாவணை வரும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பராட்டாவை மீன் ஆணத்தில் தோய்த்துச் சாப்பிட்டேன். வெறும் வயிற்றோடு போராட்டம் பார்க்கப் போகிற ஆள் நானில்லை.

அலுவலக வாசலில் இருபது பேரளவில் இருந்தார்கள். சத்தமே இல்லை, ஆனால் ஒரு கையும் சும்மா இருக்கவில்லை. காவலாளி என்னிடம், "அது ஊமையாக்கள்ட கூட்டம், நீங்க உள்ள போங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு மட்டையில் எழுதியிருந்தது: "நாங்கள் ஊமைகள் அல்ல. எங்களுக்கு மொழி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தா."

நான் கையால் வணக்கம் சொன்னதும் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி ரிஸானா, தையல் வேலை செய்கிறவள். இந்தக் கிழக்குக் கரையின் வழக்கப்படி வீடு மகளுக்குத்தான். வாப்பா அவளுக்கென்று கட்டிய வீட்டை, தகப்பன் இறந்த பிறகு அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், எடுத்துக்கொண்டார். முறையிட இதே அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். அவள் கைமொழி அங்கே யாருக்கும் விளங்கவில்லை. எழுதிக் காட்டலாமே என்று கேட்காதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று இரண்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் அவள் சொல்வதை விளங்கிச் சொல்ல அலுவலகம் யாரைக் கூப்பிட்டது தெரியுமா? அந்தக் காக்காவையே. அவள் வீட்டை மனம் விரும்பிக் கொடுத்ததாக அவர் சொல்ல, அப்படியே எழுதியாயிற்று. வாடகைக்கு ஆட்கள் வந்து இறங்கியபோதுதான் அப்படி எழுதிய விஷயமே அவளுக்கு விளங்கியது.

இப்படியும் செய்வார்களா என்று அரை நம்பிக்கையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு அதிகாரி வெளியே வந்தார். "இவங்கட கதையச் சொல்ல ஒரு ஆள எடுப்பிச்சிரிக்கன்" என்றார், பெருமையாகத்தான். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய ஆளைக் கண்டதும் ரிஸானா என் கையை இறுகப் பிடித்தாள். காக்காவேதான்.

"சேர், தங்கச்சிக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. கூட்டாளிமாரோட சும்மா வந்திரிக்கா" என்றது அவர் வாய். அதே நேரம் அவருடைய கைகள் அவளிடம், "வீட்டுக்கு வா, இல்லாட்டி உம்மாவை இனிப் பார்க்க விடமாட்டேன்" என்றன. அந்த முற்றத்தில் இரண்டும் விளங்கிய ஒரே வெளியாள் நான். பெற்ற தாயை வைத்து மிரட்டுகிறான், அதுவும் அத்தனை பேர் பார்த்திருக்க.

"சேர், அவர் கையால அவவ மிரட்டுறார்" என்றேன்.

"நீங்க இவட ஆரு?"

"ஒருத்தருமில்ல. எனக்கு இந்தப் பாஷை தெரியும்."

"சொந்தக்காரர் சொன்னாத்தான் எழுதலாம், தங்கச்சி. வெளியாள நம்பி நான் என்னெண்டு எழுதுற?" அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது.

காக்காவின் வாய் சொன்னதையும் அதிகாரி சொன்னதையும் ரிஸானாவுக்குக் கையால் சொன்னேன். அவள் எழுந்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகக் கையசைத்தாள். நான் உரத்துச் சொன்னேன்: "என்ட வீட்ட எடுத்தவர் இவர்தான். இவர்ட வாயால நான் எப்பிடி இவரப் பத்தி முறைப்பாடு சொல்ற?"

அதிகாரி காக்காவைப் பார்த்தார். "மெய்யா?" காக்கா நிலத்தைப் பார்த்தார். "அடுத்த வியாழன் வாங்க, பாப்பம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி உள்ளே போனார். ஒன்றும் எழுதவில்லை. ரிஸானா திரும்பிப் போய் வெயிலில் உட்கார்ந்தாள்.

கைமொழி தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு வியாழன் போங்கள். ஒன்பது மணிக்கு முன் சேர்ந்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், நிழல் கிடையாது. திரும்பி வர மாலை வரை பஸ் உண்டு. அதிகாரி உங்களிடமும் கேட்பார், நீங்க இவட ஆரு என்று. ஒருத்தருமில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அவளுக்குத் தேவைப்படுவது அப்படி ஒரு ஆள்தான்.